பொதுக்குழு நீக்கிய தூண்

அலுவலகம் இரண்டாவது மாடி என்று போனிலேயே சொல்லியிருந்தால் இன்னும் மெதுவாக ஏறியிருப்பேன் சார். பரவாயில்லை. தண்ணீர் போதும். டீ அப்புறம் சாப்பிடலாம். இது மணப்பாறை முறுக்கு. பஸ் நின்றபோது வாங்கினேன். வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

என் பெயர் அருணகிரி. எங்கள் ஊர்க் கட்டடப் பொறியாளர் சங்கத்தின் தலைவர். நீங்கள் இங்கே திருச்சியில் உங்கள் சங்கத்துக்குப் பொருளாளராக இருந்தவர் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் வந்தேன். சங்கம் நடத்தாதவனிடம் இதைச் சொன்னால் புரியாது.

இது வரைபடம். இது கட்டட உறுதிச் சான்று. ‘மேற்படிக் கட்டடத்தை நான் நேரில் ஆய்வு செய்தேன். பொதுமக்கள் கூடுவதற்கு ஏற்ற உறுதியுடன் உள்ளது’ என்று நானே டைப் செய்து கொண்டுவந்துவிட்டேன். உங்களுக்கு எதற்குச் சிரமம். கீழே உங்கள் பெயர், பதிவு எண், கையெழுத்து. அந்த இடம் மட்டும்தான் காலி. இது இருந்தால் எங்கள் சங்கக் கட்டடத்துக்கு உரிமம் கிடைத்துவிடும். பொறியாளர் தினத்தன்று திறப்பு விழா. அதற்கு முன்னால் வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் பொதுக்குழு. அந்தக் கூட்டத்தில் இதை மேஜைமேல் வைத்துவிட்டேன் என்றால் என் தலை நிமிர்ந்துவிடும்.

இது என் பேனா. சங்கத்தின் வெள்ளி விழாவில் எனக்குக் கொடுத்தது. மூடியைக் கழற்றியே வைக்கிறேன். மை கொஞ்சம் தாராளமாக வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உடனே போட வேண்டாம். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நாளைக்கு வேறு யாராவது உங்களிடம் வேறு மாதிரி சொல்லக் கூடாது பாருங்கள். ஜெசிந்தாவே போன் செய்தாலும் செய்வாள்.

ஜெசிந்தா யார் என்று கேட்கிறீர்களா? அவளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அவள் இவள் என்று பேசுகிறேனே என்று தப்பாக நினைக்காதீர்கள். எனக்கு மகள் மாதிரி. மகள் மாதிரி இருந்தாள்.

எங்கள் சங்கம் ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது சார். ஏழு பேர். அப்போது எங்கள் ஊரில் பொறியாளர் என்றால் யாருக்கும் தெரியாது. வீடு கட்டுகிறவர்கள் மேஸ்திரியிடம் போவார்கள், மேஸ்திரி வாசலில் ஒரு குச்சியை வைத்துத் தரையில் கோடு போடுவார், அதுதான் பிளான். அந்த ஊரில் இன்று நாற்பத்து மூன்று உறுப்பினர்கள். மாதம் ஒரு தொழில்நுட்பக் கூட்டம். சிமெண்ட் கம்பெனிக்காரர் வந்து சிமெண்டைப் பற்றிப் பேசுவார், சாப்பாடு அவர் செலவு. டைல்ஸ்காரர் வந்தால் எல்லோருக்கும் ஒரு பை கிடைக்கும். சிரிக்காதீர்கள், உங்கள் சங்கத்திலும் அப்படித்தானே. வருஷா வருஷம் காலண்டர் போடுகிறோம். பொறியாளர் தினத்தில் உறுதிமொழி. அந்த உறுதிமொழியை எழுதியதே நான்தான். நான் மைக்கில் சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

ஜெசிந்தாவைச் சங்கத்தில் சேர்த்ததும் நான்தான். அவள் விண்ணப்பத்தில் முன்மொழிந்த கையெழுத்து என்னுடையது. கட்டடத்தின் பாரக் கணக்கு போடுவதில் எங்கள் ஊரில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, அதை மறுக்க மாட்டேன். உறுப்பினர்களில் பாதிப் பேர் வீட்டு வரைபடத்தைப் போட்டுவிட்டு, கம்பிக் கணக்குக்கு அவளிடம்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்படிப்பட்டவளை நான் எப்படி வைத்திருந்தேன் தெரியுமா? இணைச் செயலாளர் பதவி கொடுத்தேன். எந்த விழாவானாலும் குத்துவிளக்கு ஏற்றுவதற்கு அவள். வரவேற்பில் சந்தனம் கொடுப்பதற்கு அவள். நன்றியுரை அவள். எந்தச் சங்கத்தில் ஒரு பெண்ணுக்கு இத்தனை மரியாதை கொடுக்கிறார்கள், சொல்லுங்கள்.

சங்கத்துக்குச் சொந்தக் கட்டடம் என்பது என் கனவு. கீழே நாற்பதுக்கு நாற்பது அடியில் ஒரு ஹால், சின்ன மேடையோடு. மேலே சாப்பாட்டுக்கூடம். பொறியாளர்கள் எல்லோரும் ஊருக்கெல்லாம் கட்டிக் கொடுத்துவிட்டு, ஓட்டல் மாடியில் வாடகைக்குக் கூட்டம் போடுகிறோமே என்று எனக்கு ஒரே உறுத்தல். இடம் வாங்கினோம். வரைபடம் ஜெசிந்தா. ஒரு ரூபாய் வாங்காமல் போட்டுக் கொடுத்தாள். அதையும் மறுக்க மாட்டேன்.

நீங்கள் விரித்துப் பார்க்கிற இந்த வரைபடம்தான் அது. ஹாலின் நட்ட நடுவில் ஒரு வட்டம் இருக்கிறதே, அதுதான் அந்தப் பில்லர். எல்லா வினையும் அந்த வட்டத்தில்தான் ஆரம்பம்.

காகிதத்தில் பார்க்கும்போது யாருக்கும் உறைக்கவில்லை சார். அஸ்திவாரத்துக்குக் குழி வெட்டிய பிறகு ஒரு நாள் எல்லோரும் இடத்தைப் பார்க்கப் போனோம். மயில்வாகனன்தான் கவனித்தான். மயில்வாகனன் என் கூடப் படித்தவன். கான்கிரீட் வேலையெல்லாம் அவனுடைய காண்டிராக்ட். அவன் மேடை வருகிற இடத்தில் போய் நின்றுகொண்டு, “அருணகிரி, இங்க வா. நீ சீஃப் கெஸ்ட். பேசு” என்றான். நான் பேசுகிற மாதிரி கையை ஆட்டினேன். “எதிர்ல என்ன தெரியுது?” என்றான். பில்லருக்கு நிறுத்தியிருந்த கம்பிக் கூடுதான் தெரிந்தது. “பாத்தியா? மந்திரியே வந்தாலும் மூணாவது வரிசைல இருக்கறவன் தூணத்தான் பாத்துக் கைதட்டணும்” என்றான்.

நியாயமா இல்லையா? நீங்களே சொல்லுங்கள். ஊரில் எத்தனை கல்யாண மண்டபத்தைத் தூண் இல்லாமல் கட்டிக் கொடுத்திருக்கிறோம். நம்முடைய சொந்தக் கட்டடத்தில், பொறியாளர்கள் கட்டடத்தில், நடுவில் ஒரு தூண் நின்றால் ஊர் சிரிக்காதா?

ஆனால் நான் தன்னிச்சையாக எதுவும் செய்கிறவன் இல்லை. சங்கம் என்றால் ஜனநாயகம். பொதுக்குழுவைக் கூட்டினேன். ‘ஹாலின் மையத்தில் உள்ள தூணை நீக்குவது’ என்று கூட்டப் பொருளில் சேர்த்தேன். எல்லோரும் பேசினார்கள். தூணை எடுத்தால் பீமை எவ்வளவு ஆழப்படுத்த வேண்டும் என்று விவாதம் வந்தது. ஆரோக்கியமான விவாதம். அரசுத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற குப்புராஜ் என்று ஒரு மூத்த உறுப்பினர், “இன்னும் பதினெட்டு அங்குலமாவது வேணும்” என்றார். மயில்வாகனன், “அப்படிப் போட்டா ஹால் குகை மாதிரி ஆயிடும், மூணு அங்குலம் போதும், கம்பியக் கூட்டிக்கலாம்” என்றான். இவர் கீழே வரவில்லை, அவன் மேலே ஏறவில்லை. சண்டை முற்றுகிற மாதிரி இருந்தது. நான்தான் எழுந்து, “ரெண்டு பேருக்கும் பொதுவா ஒம்பது அங்குலம் வெச்சுக்குவோம்” என்று தீர்த்து வைத்தேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். ஒரு தலைவனுக்கு வேறு என்ன சார் வேலை.

அப்போது ஜெசிந்தா எழுந்தாள். “சார், அது அங்குலக் கணக்கு மட்டும் இல்ல. அந்தப் பில்லர் போனா மேல் மாடிப் பாரம் முழுக்க...” என்று தொடங்கினாள். மணி ஒன்றரை. பிரியாணி அண்டா வந்து இறங்கிவிட்டது. நான் அன்பாகத்தான் சொன்னேன். “அம்மா ஜெசிந்தா, சாப்பாடு ஆறுது. எதுன்னாலும் எழுத்துல குடு, செயற்குழுவில வெச்சுக்கலாம். தயிர்ப் பச்சடி வந்துச்சான்னு ஒரு எட்டு பாத்துட்டு வந்துடு.” எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். பச்சடியைப் பார்க்கப் போனாள்.

வாக்கெடுப்பு நடந்தது. “ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள்.” முப்பத்தெட்டு கைகள் சார். “எதிர்ப்பவர்கள்?” ஒரு கை இல்லை. சந்தேகமே இல்லாமல் மூன்று முறை கேட்டேன். ஒரு கைகூட இல்லை. ஏகமனதாக நிறைவேறியது.

என்ன சார்? ஆமாம், அவள் பச்சடி பார்க்கத்தான் போயிருந்தாள். அதனால் என்ன. ஒரு ஓட்டு. வந்து எதிர்த்திருந்தாலும் முப்பத்தெட்டுக்கு ஒன்று.

எழுதிக் கொடுத்தாளா என்று கேட்கிறீர்களா? கொடுத்தாள். மறுநாளே கொடுத்தாள். இரண்டு பக்கம், கணக்கெல்லாம் போட்டு. ஆனால் பொதுக்குழு நிறைவேற்றிய தீர்மானத்தைச் செயற்குழு எப்படி மாற்றும்? விதி என்று ஒன்று இருக்கிறதே. அதை அவளிடம் பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டு போனாள்.

பில்லருக்கு வெட்டிய அந்தக் குழியை மண் போட்டு மூடினோம்.

கான்கிரீட் போட்ட நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் சார். நாதஸ்வரம் மட்டும்தான் இல்லை. உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்தார்கள். ஒவ்வொரு பொறியாளரும் ஒரு சட்டி கான்கிரீட்டைத் தன் கையால் கொட்ட வேண்டும் என்று ஏற்பாடு. போட்டோ எடுத்தோம். நாற்பது பொறியாளர்கள் மேலே நின்று மேற்பார்வை செய்த கான்கிரீட் வேறு எங்காவது உண்டா? எனக்குத் தெரிந்து கிடையாது. யார் பொறுப்பு என்று சென்டரிங் ஆள் கேட்டான். “எல்லாரும் இன்ஜினியர்தான்யா, யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க” என்றான் மயில்வாகனன். எல்லோரும் சிரித்தோம்.

ஜெசிந்தாவும் வந்தாள். மேலே வரவில்லை. நாங்கள் எல்லோரும் மேலே இருக்க, அவள் மட்டும் கீழே முட்டுகளுக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “மேல வாம்மா, போட்டோவுக்கு” என்று கூப்பிட்டேன். “நான் இங்கயே நிக்கறேன் சார்” என்றாள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

உரிய நாள் கழித்துத்தான் முட்டு பிரித்தோம். அவசரப்படவில்லை. கொஞ்ச நாளில் நடு பீமின் அடியில் ஒரு கோடு. நூல் மாதிரி. உங்களுக்குத் தெரியாததா, பூச்சு உலரும்போது வருகிற விரிசல் எந்தக் கட்டடத்தில் இல்லை. ஆனால் ஜெசிந்தா ஏணி போட்டு ஏறி, அந்தக் கோட்டுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டாள். நம் தொழிலில் பழைய வழக்கம்தானே. பீம் அசையாவிட்டால் கண்ணாடி அப்படியே இருக்கும். அசைந்தால் உடைந்துவிடும். என்னிடம் கேட்கவில்லை. தலைவர் என்று ஒருவன் இருக்கிறேன், கேட்கவில்லை.

கண்ணாடி உடைந்தது. பெயிண்டர்கள் வேலை செய்கிற இடம், ஏணி பட்டிருக்கும். அவள் இன்னொன்று ஒட்டினாள். அதுவும் உடைந்தது. ஏணி இரண்டு முறை படாதா சார்? வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து அந்த உடைந்த கண்ணாடியையே பார்க்கிறார்கள், பார்வைக்கு நன்றாக இல்லை. சுரண்டச் சொல்லி, பட்டி பார்த்து, இரண்டு கை பெயிண்ட் அடித்துவிட்டேன். இப்போது நீங்களே வந்து பார்த்தாலும் விரிசல் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

மேலே சாப்பாட்டுக்கூடத்தில் தரை கழுவினால் தண்ணீர் நடுவில் வந்து நிற்கிறது என்று ஒரு பேச்சு. நிற்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. டைல்ஸ்காரன் மட்டம் பார்க்கவில்லை. ஒரு வகையில் வசதிதான், ஒரே இடத்தில் துடைத்து எடுத்துவிடலாம்.

திறப்பு விழாவுக்கு முன்பே நாள் குறித்திருந்தேன். கல்வெட்டு செதுக்கியாயிற்று. என் பெயர் முதலில், ஜெசிந்தா பெயர் நான்காவது. வடிவமைப்பு: பொறியாளர் ஜெசிந்தா என்று. விழாவில் குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி. ‘நான் கட்டப்போகும் பாலம்’ என்பது தலைப்பு. என் பேத்தி தன்யாவைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. நான்காம் வகுப்பு படிக்கிறாள். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் ஒரு பாலம் வரைந்துவிடுவாள். எல்லாப் பாலத்துக்கும் கீழே மீன் இருக்கும், எல்லா மீனும் சிரிக்கும். எட்டுப் பள்ளிக்கூடங்களில் இருந்து முந்நூறு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் கீழே ஹாலில் உட்கார்ந்து வரைவார்கள். அதே நேரம் பெற்றோர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் மாடியில் விருந்து.

எல்லாம் தயார். உரிமத்துக்குக் கட்டட உறுதிச் சான்று ஒன்றுதான் பாக்கி. வடிவமைத்தவள் கையெழுத்து. நானே அவள் அலுவலகத்துக்குப் போனேன் சார். தலைவன், நானே போனேன்.

“ஒரு கையெழுத்தப் போட்டுடும்மா” என்றேன்.

“எந்தக் கட்டடத்துக்கு சார்?”

“நம்ம கட்டடத்துக்குத்தான்.”

“நான் வரைஞ்ச கட்டடம் அங்க இல்லயே சார்.”

“கிண்டல் பண்ணாத ஜெசிந்தா.”

“கிண்டல் இல்ல சார். என் டிராயிங்ல ஒரு பில்லர் இருக்கு. அத வெச்சிடுங்க. இப்பவே போடறேன்.”

“அது பொதுக்குழு முடிவும்மா. முப்பத்தெட்டு பேர் கை தூக்கினாங்க.”

“பீமுக்குப் பொதுக்குழு தெரியாதே சார்” என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. நிதானமாகச் சொன்னேன். நம் உறுதிமொழியின் நான்காவது வரியை நினைவுபடுத்தினேன். ‘சக உறுப்பினரின் பணியைப் பிறர் முன் குறை கூற மாட்டேன்.’ அந்த வரி இல்லாவிட்டால் சங்கமே கிடையாது சார். ஒருவன் கட்டிய வீட்டை இன்னொருவன் குறை சொல்லி வேலை பிடிக்கிற காலத்தைப் பார்த்தவன் நான். அந்த வரிக்காகத்தான் சங்கமே ஆரம்பித்தோம்.

“முதல் வரியச் சொல்லுங்க சார்” என்றாள்.

எனக்குத் தெரியாதா? வருஷா வருஷம் நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன். ‘பொதுமக்களின் உயிரையும் உடைமையையும் காப்பதே என் முதல் கடமை.’ சொன்னேன். கணீரென்று சொன்னேன். உங்களுக்கே தெரியும், விழாவில் முதல் வரியை யாரும் காதில் வாங்குவதில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிற நேரம், மைக் வேறு கீச்சென்று கத்தும். இரண்டாவது வரியிலிருந்துதான் எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். நான் ஒரு பிசகு இல்லாமல் சொன்னேன்.

“சரியாச் சொன்னீங்க சார்” என்றாள். என்ன திமிர் பாருங்கள். எழுதியவன் நான், எனக்கே மார்க் போடுகிறாள்.

சரி, கோபத்தில் இருக்கிறாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று வந்துவிட்டேன். அவள் என்ன செய்தாள் தெரியுமா? நகராட்சிக்கு எழுதிவிட்டாள். ‘வரைபடம் என்னுடையது. கட்டப்பட்டது அந்த வரைபடப்படி இல்லை. மையத் தூண் இல்லாத நிலையில் மக்களைக் கூட்டுவதற்கு முன் பாரச் சோதனை அவசியம். வடிவமைப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை நீக்கவும்.’ எனக்கு ஒரு நகல். சங்கத்தின் முகவரிக்கே, பதிவுத் தபாலில். இணைச் செயலாளர் சார். தன் சங்கத்தைப் பற்றி, தானே, வெளியில்.

துரோகம் என்பது பெரிய வார்த்தை. எனக்கும் தெரியும். இதற்கு வேறு வார்த்தை இருந்தால் சொல்லுங்கள், அதை வைத்துக்கொள்கிறேன்.

கல்வெட்டில் நான்காவது பெயர் அவளுடையது. கருங்கல்லில் செதுக்கியது. அதை நான் எப்படி நீக்குவேன்? அவளிடம் கேட்டேன். “தூண நீக்கினீங்களே சார், இது பெயர்தானே” என்றாள்.

அவளை விடுங்கள். அவள்கூடப் பரவாயில்லை சார். மற்றவர்கள் செய்ததைக் கேளுங்கள்.

அவசரக் கூட்டம் போட்டேன். ஜெசிந்தா மேல் கண்டனத் தீர்மானம். நான் நினைத்தேன், முப்பத்தெட்டு கைகளும் மறுபடி எழும் என்று. குப்புராஜ் முதலில் எழுந்தார். “நான் பதினெட்டு அங்குலம்னுதான் சொன்னேன். ஒம்பதுன்னு சொன்னது தலைவர்” என்றார். அதற்கப்புறம் ஒவ்வொருவராக. நான் கணக்குப் பார்க்கலை, கைதான் தூக்கினேன் என்றான் ஒருவன். சாப்பாட்டு நேரம், அவசரத்தில் தூக்கினேன் என்றான் இன்னொருவன். எல்லோரும் தூக்கினாங்க, நானும் தூக்கினேன் என்றான் மூன்றாமவன். பட்டம் வாங்கிய பொறியாளர்கள் சார் எல்லோரும். கையைத் தூக்கும்போது எதற்காகத் தூக்குகிறோம் என்று தெரியாதா?

நான் மயில்வாகனனைப் பார்த்தேன். ஹாஸ்டலில் ஒரே அறையில் இருந்தவன். என் கல்யாணத்தில் எனக்குப் பந்தல் போட்டவன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “தலைவர் சொன்னார், நான் ஊத்தினேன்” என்றான்.

“மயிலு, தூணு மறைக்குதுன்னு மொதல்ல சொன்னது யாரு?” என்றேன்.

“நான்தான். மறைக்குதுன்னு சொன்னேன். எடுக்கலாமான்னு கேட்டேன். நீ அப்பவே முடியாதுன்னு சொல்லியிருக்கணும் அருணகிரி. நீயும் இன்ஜினியர்தானே” என்றான். அப்புறம் குரலை இறக்கி, “என் பேரன் பேரு அந்த ஓவியப் போட்டில இருக்குடா. கண்ணாடி உடைஞ்சதக் கேட்டதிலேர்ந்து எனக்குத் தூக்கம் வரல. நேத்து அவன் பேர எடுத்துட்டேன்” என்றான்.

கூட்டத்தில் அப்படியே ஒரு சலசலப்பு. எத்தனை கெட்டிக்காரத்தனம் பாருங்கள். பாரம், பீம் என்று பேசியிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன். ஒரு குழந்தையின் பெயரை இழுத்துவிட்டால் யார் என்ன பேச முடியும்? அதற்குமேல் யாரும் என் பேச்சைக் கேட்கவில்லை. கண்டனத் தீர்மானம் எடுபடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஒரு தீர்மானம் வருகிறது. விழாவைத் தள்ளிவைப்பது. பாரச் சோதனை செய்வது. அதுவரைக்கும் ஹாலின் நடுவில் இரும்புத் தூண் ஒன்றை நிறுத்துவது. இரும்புத் தூண் சார், நட்ட நடுவில், மேடைக்கு நேர் எதிரில். கடைசியாக, சோதனை முடிகிறவரைக்கும் தலைவர் பொறுப்பை ஜெசிந்தாவிடம் கொடுப்பது. முன்மொழிகிறவன் மயில்வாகனன்.

தூணை எடுக்கத் தூக்கிய அதே கைகள் என்னையும் எடுக்கத் தூக்கப்போகின்றன. எனக்குக் கண்ணை மூடினால் அந்தக் கைகள்தான் தெரிகின்றன.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். வெளியூர்க்காரர், எங்கள் சண்டையில் சம்பந்தமில்லாதவர், பெயர் உள்ளவர். நீங்கள் போட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. இங்கே, இந்த இடத்தில்.

என்ன சார்? நேரில் வந்து பார்க்க வேண்டுமா? வாருங்கள், தாராளமாக வாருங்கள், விழாவுக்கு முதல் வரிசையில் உங்களுக்கு இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எப்படி முடியும். பாரச் சோதனையா? நீங்களுமா சார். மாடியில் மணல் மூட்டை அடுக்கி, ஒரு நாள் முழுக்க வைத்து, பீம் எவ்வளவு இறங்குகிறது என்று அளப்பது. எனக்குத் தெரியாதா? எத்தனை கட்டடத்துக்குச் செய்யச் சொல்லியிருக்கிறேன். அது சந்தேகம் இருக்கிற கட்டடத்துக்கு. எனக்குச் சந்தேகம் இல்லையே. சந்தேகம் இருந்தால் முந்நூறு பிள்ளைகளைக் கூப்பிடுவேனா? நானும் நாலு பிள்ளைகளைப் பார்த்தவன்தான்.

தன்யாவா?

தன்யா வரவில்லை சார். போட்டியில் இல்லை. பெயர் கொடுத்திருந்தாள். முதல் பெயரே அவளுடையதுதான். நான்தான் எடுத்துவிட்டேன். தலைவர் வீட்டுப் பிள்ளை கலந்துகொண்டால் பரிசு அவளுக்குத்தான் என்று யாராவது பேசுவார்கள், அதற்காக. புது கலர் பென்சில் டப்பாவைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டு ஒரே அழுகை. பார்க்கவாவது வருகிறேன் தாத்தா என்றாள். வேண்டாம், கூட்டமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவளை அவள் அப்பாவின் ஊருக்கு அனுப்புகிறோம். டிக்கெட் எடுத்தாயிற்று. நானா? நான் மேடையில் இருப்பேன். மேடை ஹாலுக்கு வெளியே நீட்டிக் கட்டியது, அதற்குக் கூரை தனி.

விதியா? இல்லை, அப்படி விதி எதுவும் கிடையாது. குப்புராஜ் பேத்திகூடப் பெயர் கொடுத்திருக்கிறாள். என் மனசுக்குப் பட்டது, எடுத்தேன்.

எப்போது எடுத்தேனா? எப்போது... ஆடி மாதம் இருக்கும். பட்டி பார்ப்பதற்கு முன்னால். அந்த இரண்டாவது கண்ணாடி...

அதற்கும் இதற்கும் என்ன சார் சம்பந்தம்?

சார். என் பேனாவை ஏன் மூடுகிறீர்கள்?